வானம் கேட்டுப் பாடிய ராத்தா

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு கல்யாண வீடு. பொம்பிளைகள் இருந்த பக்கத்தில் குமரிப் பிள்ளைகள் போனில் ஒரு பாட்டைப் போட்டார்கள். மேளம் இல்லை, வேறு வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு பொம்பிளையின் குரல், அவ்வளவுதான். குரலுக்குப் பின்னால் சரசரவென்று விடாமல் ஒரு சத்தம்.

"இது இந்தியாப் பாட்டுடி" என்றாள் ஒருத்தி.

"இல்ல, பழைய றேடியோவில வந்த. மழையில நிண்டு பாடியிருக்கா. மழ கேக்குதா?" என்றாள் மற்றவள்.

நான் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மழை இல்லை. அது என் கால். என் காலும், என்னோடு களத்தில் நடந்த மற்றப் பொம்பிளைகளின் காலும். பாட்டு முடிந்ததும் அந்த வீட்டில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். பாடியது யார் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

மில்லில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளும் பழைய கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டபடிதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நெல் காயவைக்க மெசின் வந்துவிட்டது. சுவிச்சைப் போட்டுவிட்டு நிழலில் இருக்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான், நாங்கள் பட்ட வெயில் போதும். நான் ரெண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டி எழுதுவேன், பிழை இருந்தால் மருமகள் திருத்துவாள். ஆனால் நெல்லைப் பற்றி நான் எழுதினதில் திருத்துவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

எழுபதுகளின் கடைசியில் என் மனிசனுக்கு ஒரு கை விழுந்துபோனது. பிள்ளைகள் சிறிசுகள். கல்முனைக்கு மேற்கே வயல் தொடங்குகிற இடத்தில் உதுமான் ஹாஜியாரின் மில் இருந்தது. அங்கே நெல் அவிக்கப் போனேன். முதல் வருசத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வெந்தது, முதுகு வெந்தது, பழகிப்போனது.

வேலை இதுதான். முதல் நாள் பின்னேரம் நெல்லைச் சீமெந்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் மாற்றச் சோம்பல் பட்டால் அரிசி நாறும். விடிய, பெரிய பீப்பாக்களில் ஏற்றி உமி போட்டு எரிக்க வேண்டும். நெல் வாய் பிளந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். ஆவி பறக்கப் பறக்கக் களத்தில் கொட்டிப் பரப்புவோம். இந்த மட்டும் யாரும் செய்யலாம். இதற்குப் பிறகுதான் வேலை.

பரப்பின நெல்லைக் காலால் கிளற வேண்டும். வரிசையாக நின்று, பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் நெல்லில் சால் விழும். அடியில் இருக்கிற நெல் மேலே வரும். கச்சான் காற்று, அந்த மேல்காற்று, சூடாக அடிக்கிற நாளில் விரசாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் நெல் வெடித்து மில்லில் குறுணலாகப் போகும். மேகம் கட்டின நாளில் ஆறுதலாக நடக்க வேண்டும், நிறைய நேரம் நடக்க வேண்டும். பதம் வந்ததும் உடனே அள்ளிக் குவித்துச் சாக்கால் மூட வேண்டும். பதத்துக்கு முன்னால் குவித்தால் நெல் உள்ளுக்குள்ளே புழுங்கிக் கெட்டுப்போகும். பதம் எப்போது வரும்? அதை எங்களுக்குச் சொன்னது மரியங்கண்டு ராத்தாவின் பாட்டு.

ராத்தா, எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா, களத்துக்குத் தலைவி. மெலிந்த மனிசி, நல்ல உயரம், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நடப்பா. நடந்துகொண்டே கவி பாடுவா. கவி என்றால் நாலே வரி. ஒரு கவி முடிந்ததும் அடுத்தது. சிலது கேட்டுப் பழகினது, நிறைய அப்போதைக்கப்போது அவ கட்டினது. வெயில் ஏறினால் வரியைச் சுருக்கென்று முடிப்பா, எங்கள் கால் தானாக விரசாகும். மேகம் வந்தால் வரிக் கடைசியை இழுப்பா, இழுத்துக்கொண்டே போவா, எங்கள் காலும் இழுபடும். யாரையும் ஏசி வேலை வாங்கினதை நான் காணவில்லை. யாராவது பிந்தினால் அடுத்த கவியில் அவளுடைய பெயர் வந்துவிடும். அந்த வெட்கத்துக்கே ஓடி வந்து வரிசையில் சேருவோம்.

நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்று கண்டால் ஒரு கவி பாடுவா. அதற்கு நாங்கள் வைத்த பெயர் அள்ளு கவி.

காஞ்ச நெல்லு கலகலங்க
கால் எரிச்சல் ஆறிவர
சாஞ்சு போற வெயிலே, எங்க
சாக்கெடுக்க நேரமாச்சு

இது காதில் விழுந்ததும் கால் நிற்கும், கை நெல் அள்ளுகிற பலகையை எடுக்கும். ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்பதில்லை. எந்த ஹாஜியார் சொன்னாலும் நாங்கள் அள்ளமாட்டோம், அள்ளு கவி கேட்டால்தான் அள்ளுவோம்.

களத்தைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி. வேலிக்கு அங்கால் வயல் பாதை. ராத்தா பாடுகிற நேரத்தில் பாதையில் போகிற சைக்கிள்கள் எல்லாம் மெல்லத்தான் போகும். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற லெவ்வையின் சைக்கிளுக்கு மட்டும் அந்த இடத்தில் எப்போதும் செயின் கழன்றுவிடும். "லெவ்வை, செயின் மாட்டிட்டீங்களா, அடுத்த கவிய எடுக்கவா?" என்று ராத்தா வேலிக்கு இங்கால் நின்று கேட்பா. சைக்கிள் பறக்கும்.

அவவின் வாழ்க்கையில் சிரிப்பு அவ்வளவு இல்லை. மாப்பிள்ளை வெள்ளாமை வெட்டப் போகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. பிள்ளையும் இல்லை. அதைப் பற்றி அவ வாயால் ஒன்றும் சொன்னதில்லை. கவியில்தான் சொல்லுவா.

வாசலில நட்ட முருங்க
வளந்து கூர தொட்டிரிச்சி
போன மச்சான் காலடி மட்டும்
புழுதியிலயும் காணல்ல

இதைப் பாடுகிற நேரம் நாங்கள் குனிந்து நெல்லைப் பார்த்தபடி நடப்போம்.

எண்பதுகள் தொடங்கின நேரம் ராத்தாவின் கண்ணில் பூ விழுந்தது. முதலில் வலது கண், பிறகு மற்றதும் மங்கியது. ஹாஜியாரிடம் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. வெயிலை உடம்பில் உணரலாம், நெல்லைப் பல்லில் உணரலாம். ஆனால் வருகிற மேகத்தைக் கண் இல்லாமல் எப்படி அறிவது? அதற்கு ஒரு வழி பண்ணினா. நான் அவவுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நடப்பவள். ஒரு கவி முடிந்து அடுத்தது எடுக்க முன்னம் தலையைத் திருப்பாமல் கேட்பா.

"செய்னம்பு, வானம் எப்பிடி?"

"தெளிவு ராத்தா."

இல்லாவிட்டால், "மேற்கால மேகம் இரிக்கி. இழுத்துப் பாடுங்க."

அவ அதுக்கேற்றபடி பாடுவா. இப்படியே கொஞ்சக் காலம் ஓடியது. ராத்தாவின் தொண்டை, என் கண். எனக்குப் பாட்டு வராது, ஆனால் கடற்கரைப் பக்கம் இருக்கிற மேகம் மில்லுக்கு மேலே எப்போது வரும் என்று அன்றைக்கும் சொல்லுவேன், இன்றைக்கும் சொல்லுவேன்.

அந்த நாளில்தான் ஊரில் சவூதி போகிறவர்கள் கூடினார்கள். ஹாஜியாரின் தம்பி அங்கிருந்து கசட் பதிகிற றேடியோ ஒன்று கொண்டுவந்தார். ஒரு நாள் ஹாஜியார் களத்து வாசலில் நின்று, "ராத்தா, ஒங்கட கவியக் கொஞ்சம் புடிச்சி வைப்பம். ஒரு நினைவுக்கு" என்றார். ராத்தாவுக்குச் சந்தோசம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டா.

"பேரக் கீரச் சொல்லிடாதீங்க ஹாஜியார். பாட்டு நெல்லுக்கு. பேரு என்னத்துக்கு?"

முதலில் உள்ளே, மூட்டை அடுக்குகிற அறையில் ராத்தாவை இருத்திப் பதியப் பார்த்தார்கள். ஒரு வரி வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினா. "காலுக்குக் கீழ நெல்லு இல்லாட்டி எனக்கு ஒண்டும் வராது" என்று எழும்பிவிட்டா. ஆகவே றேடியோவைக் களத்துக்குக் கொண்டுவந்து, கவிழ்த்த பீப்பா ஒன்றில் வைத்தார்கள். கங்காணி ஆதம்பாவாக் காக்கா, எங்களுக்கு அண்ணன் மாதிரி, பக்கத்தில் நின்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: "இடையில ஒருத்தியும் கதைக்கப்படா. ராத்தா, நீங்களும் பாட்டு மட்டும்தான். வேற பேச்சு வரப்படா."

அது கச்சான் காற்று அடிக்கிற நாள். வானத்தில் ஒரு கீறு மேகமில்லை. ராத்தா கேட்காமலே பாடினா. நாங்கள் நடந்தோம். அந்தச் சரசரப்புத்தான் இன்றைக்கும் மழை போலக் கேட்கிறது. பதம் வந்ததும் அள்ளு கவி பாடி முடித்தா. பழக்கம் விடுமா? முடித்த வாயோடு, "செய்னம்பு, வானம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டா. நான் வாய் திறக்க முன்னம் ஆதம்பாவாக் காக்கா ஓடிப்போய்ப் பட்டனை அமத்திப் போட்டார்.

"சொன்னேனே கதைக்க வேணாமெண்டு!" என்று குதித்தார்.

"போகட்டும் காக்கா, நெல்லு நல்லாக் காஞ்சிட்டு" என்று ராத்தா சிரித்தா.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ராத்தா உமி அடுப்புக்குப் பக்கத்தில் தடுக்கி விழுந்தா. கையில் சூடு பட்டது. கண் தெரியாத கதை ஹாஜியாருக்கு வெளித்துவிட்டது. ஹாஜியார் கெட்ட மனிசர் இல்லை. "வீட்டில இரிங்க ராத்தா, அரிசி ஒங்கட வாசலுக்கு வரும்" என்றார். அரிசியும் வந்தது. ஆனால் களத்துக்குத் தலைவி வேண்டுமே. அதற்கு அவரிடம் கசட் இருந்தது. அதைப் பீப்பாவின் மேல் வைத்துப் போடச் சொன்னார். நாங்கள் அதன் பின்னால் நடந்தோம். வெயில் காலம், அரிசியில் குறை தெரியவில்லை.

ராத்தாவின் வீடு மில்லுக்குப் பின்புறம். நான் பார்க்கப் போனேன். வாசலில் முருங்கை மரத்தடியில் பாய் போட்டு இருந்தா. மில்லில் இருந்து அவவின் குரலே காற்றில் வந்துகொண்டிருந்தது.

"கேட்டியாடி செய்னம்பு? நான் அங்க வேல செய்யிறன். இஞ்ச சும்மா குந்திக்கிட்டும் இரிக்கன்."

நான் பாயின் ஓரத்தில் குந்தினேன்.

"அவளுக்குப் பசிக்கவும் இல்ல, கால் சுடவும் இல்ல. நல்ல வேலக்காரிதான். ஹாஜியாருக்கு இனி நான் என்னத்துக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் கை முருங்கை இலையை உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தது. அரிசிக்கு அவ கவலைப்படவில்லை. களம் தனக்கு இனி இல்லை, தன் குரலே தன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதுதான் அவவை அரித்தது.

மாரி தொடங்குகிற நேரம் வந்தது. சொறிக்கல்முனையில் இருந்து சின்னத்தம்பி அண்ணன் வண்டிலில் நெல் கொண்டுவந்தார். வருசம் முழுக்க அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல். தகப்பன் காலம் தொட்டு எங்கள் மில்லில்தான் அவிக்கிறது. அன்றைக்கு விடியத் தெளிவாக இருந்தது. பரப்பி முடிக்க மேகம் மூடிவிட்டது. மழை இல்லை, வெயிலும் இல்லை. கசட் அதன்பாட்டில் கச்சான் காற்று வேகத்தில் பாடியது. எங்கள் காலும் அதே விரசில் நடந்தது. எனக்குப் பல்லில் தெரிந்தது, நெல் இன்னும் மாவாக நசிகிறது. அந்த நேரம் கசட்டில் அள்ளு கவி வந்தது.

காஞ்ச நெல்லு கலகலங்க...

அவ்வளவுதான். எல்லாருடைய காலும் நின்றது. கை பலகைக்குப் போனது. என் கையும் போனது. எத்தனை வருசப் பழக்கம். பல் ஒன்று சொல்கிறது, ராத்தா வேறு சொல்கிறா, ராத்தாவுக்குத் தெரியாததா என்றுதான் உடம்பு நினைத்தது. அரைவாசி குவித்தபிறகுதான் வேலிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டேன்.

"அள்ளாதீங்கடி! என்ட தோலில வெயில் படல்ல, அள்ளாதீங்க!"

பார்த்தால் கிடுகுக்குள் விரல்கள். ராத்தா வீட்டில் இருந்து வேலியைத் தடவித் தடவி வந்து நிற்கிறா. நான் பலகையைப் போட்டுவிட்டு ஆதம்பாவாக் காக்காவிடம் ஓடினேன்.

"காக்கா, ராத்தா அள்ள வேணாமெண்டு சொல்றா."

"ராத்தா தான் அள்ளச் சொல்லிப் பாடினா, நீ கேக்கல்லயா?"

"அது கசட் காக்கா. இது ராத்தா."

"ரெண்டும் ஒரே தொண்டதானே புள்ள! வயசான மனிசி வீட்டில இருக்க ஏலாம கத்துறா. மழ வரப்போகுது, மூடுங்க சாக்கால."

மூடினோம். மழை வரவில்லை. நெல் சாக்குக்குள் கிடந்து புழுங்கியது. குத்தி எடுத்த அரிசி மஞ்சளித்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக ஏலாத வாடை.

சின்னத்தம்பி அண்ணன் ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் ஹாஜியாருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஹாஜியார், இது எங்களுக்கா, வண்டில் மாட்டுக்கா?" என்றார். பிறகு களத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "பாட்டுக்கார அக்காவக் காணல்ல. காலமாயிட்டாவா?"

"இல்ல, வீட்டில இரிக்கா" என்றார் ஹாஜியார்.

"அப்ப அதுதான்" என்றார் அண்ணன்.

ஹாஜியார் தன் சொந்த அரிசியை அவருடைய வண்டிலில் ஏற்றி அனுப்பினார். பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு ராத்தாவின் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, முருங்கையடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ராத்தா, நாளைக்குக் களத்துக்கு வாங்க."

"நான்தான் ஒவ்வொரு நாளும் வாறனே ஹாஜியார். பாடுறனே. ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

"அது மெசின் ராத்தா."

"குறை சொல்லப்படா, நல்லாத்தான் பாடுறா. என்னையும்விட நல்லாப் பாடுறா. ஆனா வானம் எப்பிடியெண்டு அள்ளச் சொன்ன பிறகுதான் கேக்கிறா, பதிலுக்கும் நிக்கிறாளில்ல."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். "கண்ணுக்கு என்ன செய்ற? மறுகாவும் விழுந்திட்டா?" என்று கேட்டார்.

"நான் நடக்கல்ல. குந்தியிருக்க ஒரு கதிரையப் போடுங்க, களத்து நடுவில. காலுக்குக் கீழ ஒரு சுளகு நெல்லுக் கொட்டுங்க. கண்ணு செய்னம்புட்ட இரிக்கி."

"அந்தக் கசட்ட என்ன செய்ற? ஒடைக்கவா?"

ராத்தா கையை விரித்து ஆட்டினா. "அல்லாவே, ஒடைக்கிறதா! அவளும் ஒரு மனிசிதானே. ஒங்கட தம்பிக்கிட்டக் குடுத்து விடுங்க. கடலுக்கு அங்கால பாடட்டும். அங்க நெல்லு இல்ல, ஒண்டும் பழுதாகாது."

அப்படித்தான் அந்தக் கசட் சவூதி போனது. அங்கே ஒருவர் பதிந்து இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வேறொருவருக்குக் கொடுத்து, எங்கள் கரையோர ஊர்ப் பொடியன்மார் இருந்த அறைகளுக்கெல்லாம் போனதாம். விடுமுறைக்கு வந்த ஒருவர் களத்து வேலிக்கு அங்கால் நின்று இதைச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அறையில் எல்லோரும் கூடி இருந்து கேட்பார்களாம். முருங்கைக் கவி வருகிற நேரம் வயசான ஒருவர் எழும்பி வெளியே போய்விடுவாராம்.

ராத்தாவின் கால் சுளகு நெல்லில் அசையாமல் நின்றது.

"எந்த ஊர் ஆள்?"

"தெரியாது ராத்தா. கதைக்க மாட்டார்."

ராத்தா யோசித்தா. "எல்லாற்ற வாசலிலயும் முருங்க இரிக்கிதானே" என்றா. பிறகு என் பக்கம் திரும்பி, "செய்னம்பு, வானம் எப்பிடி?" என்றா.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டு ராத்தா கனகாலம் பாடினா. எங்கள் மில்லில் அதற்குப் பிறகு ஒரு மூட்டை அரிசியும் வாடை என்று திரும்பி வரவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். சின்னத்தம்பி அண்ணன் ஒவ்வொரு முறையும் நெல்லை இறக்க முன்னம் வேலிக்கு அங்கால் நின்று, "அக்கா உள்ளுக்கா?" என்று கேட்பார். உள்ளே இருந்து ஒரு கவி போகும், அதில் அவருடைய மாடு மெலிந்த கதை இருக்கும். சண்டை வந்து நாடு குழம்பினபிறகு அவருடைய வண்டில் வரவில்லை. வேறு வண்டில்களும் வரவில்லை. அந்த வருசங்களில்தான் ராத்தாவும் மவுத்தானா, ஒரு காய்ச்சலில். மையவாடியில் தலைமாட்டில் மீசான் கட்டை நட்டார்கள், அதில் பெயர் இல்லை. கேட்டிருந்தால் அவவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பா.

பிறகு நான் களத்துக்குத் தலைவியாக இருந்தேன். பாட்டில்லாமல், கை தட்டி நடத்தினேன். அரிசி நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாதையில் ஒரு சைக்கிளுக்கும் செயின் கழலவில்லை.

இனி அந்தக் கல்யாண வீடு. போனில் பாட்டு ஓடி ஓடிக் கடைசியில் அள்ளு கவி வந்தது. நான் என்னை அறியாமல் வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன், கை பலகையைத் தேடியது. பாட்டு முடிந்தது. பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று கதைக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம், இத்தனை பேர் பதிந்து பதிந்து கை மாறியும் ஒருவரும் வெட்டாமல் விட்ட ஒரு துண்டு, போனுக்குள் இருந்து வந்தது.

"செய்னம்பு, வானம் எப்பிடி?"

பிறகு ஒரு டக். அது ஆதம்பாவாக் காக்காவின் விரல்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "யாருடி அந்தச் செய்னம்பு? பதில் சொல்லாம போயிட்டா!"

நான் எழும்பி யன்னலண்டை போனேன். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"மேகம் இரிக்கி ராத்தா" என்றேன். "இழுத்துப் பாடுங்க."